சிவப்பு போன கண்

அட்டென்டனாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கண் கிளினிக்கில் முதலில் கொடுக்கும் வேலை கொப்பி அடுக்குவது. கதவு திறந்ததும் நோயாளிகள் தங்கள் நோய் விவரமும் மருந்தும் எழுதிய கிளினிக் கொப்பியை நீட்டுவார்கள். வாங்க வேண்டும். வந்த வரிசையில் அடுக்க வேண்டும். டொக்டர் மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். சின்ன வேலை என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

அந்தச் சின்ன வேலையில் நான் ஒரு பிள்ளையின் கண்ணைக் கெடுத்தேன். ஒரு கண். மற்றது தப்பியது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிறந்தது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். அம்மா கொழுந்து பறித்தார். நான் ஆஸ்பத்திரியில் அட்டென்டன் வேலைக்கு வந்தேன். கடைசிப் பதினெட்டு வருடம் கண் கிளினிக்கில். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

பிள்ளையின் பெயர் கீர்த்தனா. முதலில் வந்தபோது பத்து வயது. அம்மா ராணி, கொழுந்து எடுக்கிறவள். பிள்ளை பெரிய துவாயால் தலையை மூடிக்கொண்டு நின்றது.

"என்னடி மூடிக்கிட்டு நிக்கிற? கல்யாணப் பொண்ணா?" என்றேன்.

"வெளிச்சம் குத்துதுக்கா."

"காட்டு பாப்போம்."

துவாயை விலக்கினாள். இரண்டு கண்ணும் சிவந்து, இமை தொங்கி, பீளை நூல் நூலாக இழுத்தது. சும்மா நிற்கவில்லை. கையைத் திருப்பி விரல் முட்டியால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு வருசமா இப்பிடித்தாங்க" என்றாள் ராணி. "தேத்தண்ணியில கழுவினேன். நந்தியாவட்டைப் பூ வச்சேன். பள்ளிக்கூடத்துல கடைசி வாங்குல உக்கார வச்சிட்டாங்க, மத்தப் புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமாம்."

எங்கள் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். குறைவாகப் பேசுவார். பிள்ளையின் நாடியைக் கண் பார்க்கும் மெஷினின் தாங்கியில் வைக்கச் சொன்னார். நான் பின்னால் நின்று தலையைப் பிடித்தேன். மேல் இமையை அவர் ஒரு விரலால் பிரட்டினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாததைச் செய்தார்.

"அக்கா, இஞ்ச வாங்கோ. ஒருக்கா பாருங்கோ."

பார்த்தேன்.

இமையின் உள்பக்கம் உதட்டின் உள்பக்கம் மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். இங்கே கல் பாவிய ரோட்டைப் போல இருந்தது. கட்டி கட்டியாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. கறுப்பு விழியின் ஓரத்தில், ரவை சிந்தியது போல வெள்ளைப் பொட்டுகள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மெஷினில் ஒரு ஊரே தெரிந்தது. அதுவரை அந்த மெஷினை நான் துடைத்திருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று தெரியாது.

"காணும் அக்கா, எழும்புங்கோ. எனக்கும் பாக்கோணும்" என்றார் டொக்டர்.

"அந்த வெள்ளை என்னா டொக்டர்? பூச்சியா?"

"இல்ல. எல்லாம் அவளின்ர சொந்த ஆக்கள்தான்."

அன்று கூட்டம் குறைவு. அவர் விளக்கிச் சொன்னார். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

இமைத் தோலுக்குள் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு. அவை காவலுக்கு. பூவின் தூளோ, கம்பளியில் இருக்கும் தூசியோ பட்டால் சிலருக்கு அந்தப் பை வெடிக்கும். உள்ளே இருப்பது கொட்டும். அரிக்கும். தண்ணீர் வரும். பலருக்கு அதோடு முடிந்துவிடும். இந்தப் பிள்ளை மாதிரி ஆட்களுக்கு முடியாது. வெடித்த பை இன்னும் ஆட்களைக் கூப்பிடும். இரத்தத்திலிருந்து வேறு அணுக்கள் வந்து சேரும். வந்தவை திரும்பிப் போகாது. அங்கேயே தங்கி இமையைக் கட்டி கட்டியாக ஆக்கும். அவற்றிடம் புழுவைக் கொல்வதற்கென்று உடம்பு கொடுத்த நஞ்சு இருக்கிறது. புழு இல்லை. ஆனாலும் கொட்டும். கறுப்பு விழியின் மேல் தோல் அரிபடும்.

தோட்டத்தில் வாச்சர் ஒரு முயலைப் பார்த்து விசில் ஊதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு லயத்து ஆட்களும் கம்போடு ஓடி வருகிறார்கள். முயல் எப்போதோ போய்விட்டது. மிதிபட்டது மரக்கறித் தோட்டம்.

ஒரு பூத்தூளுக்கு இவ்வளவு பெரிய படை. பத்து வயதுப் பிள்ளையின் இமைக்குள். அதை நினைத்துக்கொண்டேதான் அன்று வீட்டுக்கு நடந்தேன்.

"ஏன் டொக்டர் இவளுக்கு மட்டும்?"

அவர் ராணியைப் பார்த்தார். "வீட்டில ஆருக்கும் மூச்சிழுப்பு இருக்கே?"

"அவ அப்பாவுக்கு இருக்குங்க."

"அதுதான். வீட்டு வழி. ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் கூட வரும். இவளுக்கும் வந்திருக்கு."

"எப்பங்க போகும்?"

"வளர வளரக் குறையும். கனபேருக்குப் பெரியாளாக முதல் தானாப் போயிடும். அதுவரைக்கும் கண்ணைப் பத்திரமா வச்சுக் குடுக்கோணும். எங்கட வேலை அவ்வளவுதான்."

இரண்டு போத்தல் எழுதினார். ஒன்று தெளிந்த தண்ணீர் போல இருக்கும். அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினமும் விட வேண்டும். பை வெடிக்காமல் காப்பது அது. மெதுவாகத்தான் வேலை செய்யும். மற்றது ஸ்டீராய்டு சொட்டு. குலுக்கினால் பால் போல வரும். லயத்து ஆட்கள் அதைப் பால் மருந்து என்பார்கள். வந்த படையை அப்படியே படுக்க வைக்கும். இரண்டு கிழமைக்கு மட்டும், பதினாலு நாள். பிறகு குறைத்து, நிறுத்தி, பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"ஆளைப் பாக்காமல் இந்த மருந்து எழுதுறேல்ல" என்றார் டொக்டர். ஏன் என்றும் சொன்னார். அதற்குள் நான் அடுத்த பெயரைக் கூப்பிடப் போய்விட்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு கீர்த்தனா துவாய் இல்லாமல் வந்தாள். கண் வெள்ளை வெளேர் என்றிருந்தது. ராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மந்திரங்க அக்கா. மூணே நாளு."

டொக்டர் கண்ணின் அழுத்தம் பார்த்தார். சரி என்றார். பால் மருந்தை நிறுத்தினார். இரண்டு மாதத்தில் அரிப்பு மறுபடி வந்தது. மறுபடி கொஞ்சம் கொடுத்தார். மறுபடி பார்த்தார். அவர் முறை அதுதான்.

பிறகு கொழுந்து சீசன் வந்தது. சீசனில் ஒரு நாள் போகாவிட்டால் தோட்டத்தில் பேர் விழாது. பேர் என்றால் அன்றைய வேலை; அது விழாவிட்டால் கூலி இல்லை. ராணி தனியாக வந்தாள்.

"புள்ளைக்குப் பரீட்சைங்க. நானும் அரை நாளு சொல்லிட்டு வந்திருக்கேன். கங்காணி மொறைக்கிறாரு. கொப்பிய மட்டும் வச்சு வாங்கித் தாங்கக்கா. நல்லாத்தான் இருக்கா. கண்ணு பளிச்சுன்னு இருக்கு."

என் அம்மாவும் இப்படி ஒரு கதவடியில் நின்றிருப்பார். கொப்பியை வாங்கினேன்.

அன்று பெரிய டொக்டரிடம் கூட்டம். பழைய நோயாளிகளின் கொப்பியைச் சின்ன டொக்டர் பார்த்தார். புதிதாக வந்தவர். நல்ல மனிதர்.

"ஆள் எங்கே?"

"புள்ள வெளியில நிக்குது டொக்டர். வெளிச்சத்துக்கு கூசுது, உள்ள வரமாட்டேங்குது."

அவர் முன்பக்கத்தைப் பார்த்தார். வெளிச்சம் கூசும் என்று பெரிய டொக்டர் எழுதியிருந்தார். இரண்டு மருந்தையும் திரும்ப எழுதிக் கொடுத்தார். எழுதியது அவர். சொன்னது நான்.

அதற்குப் பிறகு ராணியும் வரவில்லை. கொப்பியை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினாள். நம் பக்கம் அது வழக்கம்தான். காலைப் பஸ்ஸில் வரும், மத்தியானப் பஸ்ஸில் திரும்பும். கொண்டக்டர் பகிடிக்காரன். கிளினிக் வாசலில் நின்று சத்தம் போடுவான்.

"அக்கா! இன்னிக்கி மூணு கொப்பி, ரெண்டு மூட்ட லீக்ஸ், ஒரு கோழி. கோழிக்குக் கண்ணு நல்லா இருக்கு!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும். கீர்த்தனாவின் கொப்பியை அடுக்கின் நடுவில் செருகுவேன். நடுவில் இருந்தால் அவசரத்தில் அதிகம் கேட்கமாட்டார்கள். ராணி வந்த நாளையும் சேர்த்து ஏழு முறை. ஏழு முறையும் பிள்ளை வெளியே நிற்கிறது என்றேன். ஒரு வருடத்துக்குக் கிட்ட.

இடையில் பெரிய டொக்டர் ஒருநாள் கேட்டார். "அந்தத் துவாய்ப் பிள்ளையைக் காணேல்ல?"

"நல்லா இருக்காம் டொக்டர்."

அது பொய் என்று எனக்குத் தெரியாது. கண் வெள்ளையாக இருக்கிறது என்று ராணி சொல்லியிருந்தாள். சிவப்புதான் நோய், சிவப்பு போனால் சுகம் என்று நினைத்தேன். கண் கிளினிக்கில் அத்தனை வருடம் நின்றும் அப்படி நினைத்தேன்.

மறு வருடம் ராணியின் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. என் தங்கை அங்கேதான் கட்டிக்கொண்டவள். போனேன். பகல் பூசை முடிந்து எல்லாரும் பந்தலில் இருந்தோம். ராணி பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கீர்த்தனா பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். வெயிலில் கண்ணைத் திறந்து நின்றாள்.

"பாருங்கக்கா எம் பொண்ணு கண்ண! சினிமாக்காரி மாதிரி இல்ல?"

அப்படித்தான் இருந்தது. பால் போல வெள்ளை. எனக்கும் பெருமையாக இருந்தது. சுண்டல் பொட்டலம் ஒன்றை நீட்டினேன். நான் அவளுக்கு இடது பக்கம் இருந்தேன். அவள் வாங்கவில்லை. இன்னும் கிட்ட நீட்டினேன். வாங்கவில்லை.

"கீர்த்தி."

முகம் முழுவதையும் திருப்பினாள். கழுத்தோடு, தோளோடு. குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி.

அந்தத் திருப்பத்தை நான் அறிவேன். கண் அழுத்த நோய் கிளினிக்குக்கு வரும் கிழவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள். பெயர் கூப்பிட்டதும், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு. பத்து வயதில், பதினொரு வயதில் யாரும் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை.

அவள் சிரித்தபடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடினாள். இடது பக்கம் பந்தல் கம்பத்தில் மோதினாள். பிள்ளைகள் கூவினார்கள்.

"ஏய், கம்பத்துக்கு ஹாரன் அடி!"

"எந்நேரமும் இப்பிடித்தான். கவனமில்லாத கழுத" என்றாள் ராணி.

நான் எழுந்து போனேன். பிள்ளையை நிழலுக்குக் கூட்டிவந்தேன். என் கையால் அவள் வலது கண்ணை மூடினேன். மற்றக் கையை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்தேன்.

"எத்தன வெரலு?"

"எந்தக் கையிலக்கா?"

 மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வலது கண்ணில் வைத்த கை அப்படியே நின்றது.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் மூவரும் போனோம். அதே கொண்டக்டர்.

"என்னாக்கா, இன்னிக்கி கொப்பியோட ஆளும் வருதா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.

அன்று கிளினிக் நாள் இல்லை. பெரிய டொக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். கதவடியில் நின்றேன். வழியெல்லாம் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒரு விதத்தில் என் பெயர் வராது. அவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்ததும் மற்ற விதம்தான் வந்தது.

"டொக்டர், நான் பொய் சொல்லிட்டேன். அந்தத் துவாய்ப் புள்ளையப் பாக்காமலே ஒரு வருசமா மருந்து வாங்கிக் குடுத்தேன்."

"எந்த மருந்து?"

"பால் மருந்து."

அவர் கையுறையைக் கழற்றினார். "எத்தினை தரம்?"

"ஏழு."

"பிள்ளை எங்க?"

"வெளியில நிக்குது டொக்டர்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து எட்டாவது முறையாக வந்தது. அன்றுதான் அது உண்மை.

அழுத்தம் பார்த்தார். கண்மணியை விரிய வைத்து உள்ளே பார்த்தார். இந்த முறை என்னைப் பார்க்கச் சொல்லவில்லை. நானே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, விலகி இடம் கொடுத்தார். கண்ணின் அடியில் ஒரு வட்டம். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது. வெளிறிப்போயிருந்தது. நடுவில் தோண்டியெடுத்தது போலக் குழி. வெளியே அத்தனை அழகான வெள்ளைக் கண். உள்ளே இது.

"கண்ணுக்குள்ள தண்ணி ஊறும் அக்கா. ஊறினது வடியக் கான் இருக்கு. இந்த மருந்து சில பிள்ளையளுக்கு அந்தக் கானை அடைச்சுப்போடும். தண்ணி ஏறி ஏறி நரம்பை நசுக்கும். நோகாது. சிவக்காது. ஒண்டும் காட்டாது. அதுதான் ஆளைப் பாக்கோணும் எண்டு சொன்னனான்."

கான் என்றால் நமக்கு விளங்கும். மலையில் மழைத் தண்ணீர் ஓட வெட்டும் வாய்க்கால். கான் அடைபட்டால் மேட்டு லயம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

"இடது கண்ணு?"

"வெளிச்சம் மட்டும் தெரியுது. போனது திரும்பாது."

"வலது?"

"பாதி நரம்பு இருக்கு. அதைக் காப்பாத்தப் பாப்பம்." கொப்பியைப் புரட்டினார். "சின்ன டொக்டருக்குப் பின்னால ரெண்டு இடத்தில என்ர கையெழுத்தும் இருக்கு. நானும் பாக்கேல்ல." மூடினார். "இனி இவளின்ர தலையை நீங்கள்தான் பிடிக்கோணும். ஒவ்வொரு தரமும்."

விசாரணை வந்தது. தண்டனையும் வந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வலது கண்ணுக்குக் கண்டியில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். தண்ணீர் வடிய ஒரு புதுக் கான் வெட்டுவார்கள். ஆனால் உடனே முடியாது. பால் மருந்தை நிறுத்தியதும் பழைய படை எழுந்தது. முன்னைவிட மோசமாக. கண் கொதிக்கும்போது வெட்டினால் புதுக் கானும் தழும்பு கட்டி மூடிக்கொள்ளும். ஸ்டீராய்டு இல்லாமல் கண்ணை ஆற்ற வேண்டும். அதுவரை மாத்திரையாலும் வேறு சொட்டாலும் அழுத்தத்தைப் பிடித்து வைக்க வேண்டும். எவ்வளவு நாள் பிடிக்கும் என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை.

பிள்ளையை வார்டில் சேர்த்தோம். ஒரு புது மருந்து வந்தது. சைக்ளோஸ்போரின் என்று பெயர். படையைக் கூப்பிடும் தலைவர்களைச் சத்தம் போடாமல் வைக்கும் என்று டொக்டர் சொன்னார். கானை அடைக்காது. ஆனால் கிழமைக் கணக்கில் பொறுக்க வேண்டும். கண்ணில் விட்டால் எரியும். விடுவது என் வேலை.

"மொளகாத்தண்ணிய ஊத்துறீங்கக்கா!"

"ஆமா. மொளகா கொஞ்சம் கூடிப்போச்சு. கண்ணத் தொற."

"மாட்டேன்."

"மாட்டேன்னா நான் இங்கேயே நிக்கிறேன். எனக்குக் கால் வலிக்கும். பாவம் இல்ல?"

"நல்லா வலிக்கட்டும்."

திறப்பாள். திட்டிக்கொண்டே திறப்பாள். மாத்திரையால் விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்பாள். சாப்பாடு பிடிக்காது. ஈரத் துணியைக் குளிர வைத்து இமையில் போடுவேன். கையைத் தேய்க்க விடமாட்டேன். ராணி வேலை முடிந்து சாயந்தரம் வருவாள். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். என் பின்னால் நடப்பாள்.

"அந்தப் பழைய மருந்த ஒரே ஒரு சொட்டு விடுங்கக்கா. புள்ள துடிக்குது."

"முடியாது."

"நீங்கதானே குடுத்தீங்க அப்ப?"

"ஆமா. நான்தான் குடுத்தேன். இப்ப முடியாது."

இப்படி மூன்று கிழமை. டொக்டர் தினமும் அழுத்தம் பார்ப்பார். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார்.

நான்காவது கிழமை ஒரு திங்கட்கிழமை காலை வார்டுக்குப் போனேன். கீர்த்தனா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். கண் வெள்ளையாக இருந்தது. தேய்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில் ஆட்களுக்குச் சந்தோசம். நர்ஸ் மிஸ்ஸும் சொன்னார்.

"அக்காட மொளகாத்தண்ணி வேல செஞ்சிருக்கு."

நான் கையில் இருந்த சொட்டுப் போத்தலைக் கீழே வைத்தேன்.

புது மருந்து அப்படி வேலை செய்யாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். சனிக்கிழமை இமை தொங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்கு வரவில்லை. ராணி நாள் முழுக்க இருந்திருக்கிறாள். ஒரு நாளில் இவ்வளவு வெள்ளையாக்கும் மருந்து ஒன்றுதான். ஒரு மாதம் முன்னால் என்றால் நானும் அந்த வெள்ளையைப் பார்த்துச் சிரித்திருப்பேன். இப்போது அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ராணி அன்று வேலைக்குப் போகவில்லை. வராந்தாவில் இருந்தாள்.

"ராணி, போத்தல எடு."

"எந்தப் போத்தலு?"

"எடு."

"நான் ஒன்னும்..."

"ராணி. அந்தக் கண்ணக் கெடுத்தது நீயும் நானும். மத்தத நீ தனியாக் கெடுக்காத."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கம்பளிச் சட்டைக்குள் கை விட்டாள். பாதிப் போத்தல். நான் செருகிய கொப்பியில் வந்த கடைசிப் போத்தல். வீட்டில் வைத்திருந்திருக்கிறாள்.

"நாலு தரம் விட்டேங்க" என்றாள். "நேத்து அவ சிரிச்சா. ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா. நான் என்னா செய்ய?"

  போத்தலை நேரே டொக்டரிடம் கொண்டு போனேன். மறைக்கவில்லை. மறைத்தால் ராணிக்குத் திட்டு விழாது. கண் போய்விடும்.

டொக்டர் அழுத்தம் பார்த்தார். ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டினார். ராணியைத் திட்டவில்லை. கூப்பிட்டு மெஷினில் உட்கார வைத்து, பிள்ளையின் இமையைப் பிரட்டிக் காட்டினார். எனக்குக் காட்டியது போலவே. ராணி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இம்புட்டும் எம் புள்ள கண்ணுக்குள்ளயா இருக்கு?"

அதற்குப் பிறகு அவள் பால் மருந்து கேட்கவில்லை. நான் வராத நாளில் மிளகாய்த்தண்ணியை அவளே விட்டாள்.

கண் மெல்ல ஆறியது. ஒரு நாள் இமை கொஞ்சம் ஏறியது. ஒரு நாள் ரவைப் பொட்டுகள் குறைந்தன. ஒரு காலை டொக்டர் மறுபடி என்னைக் கூப்பிட்டார். கட்டிகள் இருந்தன. ஆனால் தட்டையாக, நெருக்கம் விட்டு. விழி ஓரம் சுத்தம். அந்தப் பெரிய படை கலைந்து போயிருந்தது. யாரும் அடிக்கவில்லை. கூப்பிடுவது நின்றதும் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கண்டியில் வலது கண்ணில் கான் வெட்டினார்கள். இருக்கிற ஒரே கண். ராணியும் நானும் கதவுக்கு வெளியே இருந்தோம். 

ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த மருந்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பால் மருந்து. எங்கள் டொக்டரிடம் ஓடினேன்.

"இதுதானே டொக்டர் அந்தக் கண்ணத் தின்னது?"

"மருந்தில பிழையில்ல அக்கா. வெட்டின இடம் ஆறுறதுக்கு இது வேணும். இப்ப நான் ஒவ்வொரு கிழமையும் ஆளைப் பாக்கிறன். அதுதான் வித்தியாசம்."

நான் தலையைப் பிடித்தேன். அவர் பார்த்தார். ஒவ்வொரு கிழமையும். அழுத்தம் இறங்கியது. இறங்கியபடி நின்றது.

அதற்குப் பிறகு கொப்பி மட்டும் வந்தால் நான் வாங்கவில்லை. கொண்டக்டரைத் திருப்பி அனுப்பினேன். தோட்டத்து ஆட்கள் ஏசினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் பெரிய மனுசி ஆகிவிட்டாள் என்றார்கள். பேர் விழாமல் போகிறவளின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆகையால் பிள்ளைகளின் கொப்பியை அடுக்கின் மேலே வைத்தேன். பிள்ளை முதலில் காட்டிவிட்டு முதல் பஸ்ஸில் போகட்டும் என்று. பெரிய டொக்டர் அதைப் பார்த்தார். அப்படியே விட்டார். அந்த ஒரு ஒழுங்கைத்தான் நான் இந்த வேலையில் சொந்தமாகச் செய்தேன்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் என் கண்ணைக் காட்ட அதே கிளினிக்குக்கு வந்தேன். புரை வளர்கிறது. உங்களில் ஒருத்தி என் கொப்பியை வாங்கி அடுக்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை. குறை சொல்லவில்லை. கூட்டம் இருந்தது. ஆனால் அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வாங்கில் இருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். தோளோடு திரும்பிப் பார்த்தாள். நான் அடையாளம் கண்டேன்.

"கீர்த்தி."

"ஐயோ அக்கா! நீங்களும் கொப்பியோட ஒக்காந்திருக்கீங்க?"

ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்க வருகிறாள். ஒருமுறையும் தவறியதில்லை. தனியாகவே வருகிறாள்.

"அரிப்பு?"

"அதுவா? போச்சுக்கா. ரெண்டு வருசமா ஒரு மருந்தும் இல்ல. கம்பளிய ஒதறினாக்கூட ஒன்னும் ஆகல. டொக்டர் சொன்னாங்களே, தானாப் போயிரும்னு. ஒரு நாளு பாத்தா, இல்ல."

வலது கண்ணைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. இமை சாதாரண இமை. கல் பாவிய ரோடு இருந்த இடம். அத்தனை பேர் வந்து தங்கி அடித்து நொறுக்கிய இடம். வந்தது போலவே போய்விட்டது. உடம்பே கொண்டுவந்தது, உடம்பே திருப்பி அனுப்பிவிட்டது. என்னால் நம்ப முடியவில்லை. நோய் போய்விட்டது. நாங்கள் செய்தது மட்டும் இடது கண்ணில் அப்படியே இருந்தது.

அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எட்டு வருடமாகச் சொல்லவில்லை.

"கீர்த்தி, அந்தப் பால் மருந்து. அத உனக்கு நான்தான்..."

"தெரியும்க்கா. அம்மா சொல்லியிருக்கு. நீங்களும் அம்மாவும்."

"ம்."

 வாசலில் வெயில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆனா அந்த வருசந்தான்க்கா நான் வெளியில வெளையாடினேன். துவாய் இல்லாம. அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் ரொம்ப நாளைக்கு இல்ல. நெனச்சா அந்த வருசந்தான் ஞாபகம் வருது."

நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னோடு பேச ஒவ்வொரு முறையும் தோளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

எழுந்து, வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.